மணிக்கூண்டின் உச்சியில் ஒரு கை

இந்த வெளிநாட்டுச் சுற்றுலாவில் இது ஆறாவது மலை ஊர். அதே கோட்டைச் சுவர், அதே கருங்கல் ஏற்றம், அதே எண்ணூறு வருஷத்து மணிக்கூண்டு. மரகதத்துக்கு முட்டி விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் கணவர் உச்சிக்கு ஏறிக் கையசைப்பார். அவள் கீழே படியில் உட்கார்ந்தபடி பதிலுக்கு ஆட்டிவிட்டுப் படம் எடுப்பாள். இன்றும் மேலே ஒரு கை அசைந்தது. சலிப்போடு ஆட்டினாள்.

"யாருக்கும்மா டாட்டா காட்டுற?" பின்னால் கணவர் தணிகாசலம், கையில் காபியோடு.

"நீங்க மேல ஏறலையா?"

"ரெண்டாவது ஊரோட விட்டுட்டேன். மூச்சு முட்டுது. சொன்னா நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

அவள் மெல்ல அண்ணாந்தாள். அந்தக் கை இப்போது வா வாவென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மரகதம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவரை மறைத்தபடி நின்றாள்.