நாற்பத்தேழாவது புள்ளி

நூலகத்தின் மாடி தாங்காது என்று புது மென்பொருள் மூன்று முறையும் சொல்லிவிட்டது. மறுநாள் இடிக்க வருகிறார்கள். கட்டும்போது போட்ட கணக்கு இருந்த ஃபிளாப்பியை, அதே காலத்துப் பழைய மென்பொருளில் ஓடவிட்டாள் பொறியாளர் மங்கையர்க்கரசி. கறுப்புத் திரையில் பச்சைக் கோட்டுக் கட்டடம் நெளிந்து ஆடியது.

“இப்படியா ஆடுது?” நூலகர் சாந்தப்பன் வாசலைப் பார்த்தார்.

“அது ஆயிரம் மடங்கு பெருசாக்கிக் காட்டுது சார். இந்தப் புள்ளிய மட்டும் பாருங்க, அசையவே மாட்டேங்குது.”

நாற்பத்தேழாவது புள்ளி. அதன் கீழே ஒரு தூண். புது மென்பொருளுக்குக் கொடுத்த வரைபடத்தில் அப்படியொரு தூணே இல்லை.

வரலாற்று அலமாரியை இருவரும் தள்ளினார்கள். பின்சுவரைச் சாவியால் தட்டிக்கொண்டே போனாள். செங்கல், செங்கல், செங்கல். ஓரிடத்தில் ஓசை மாறியது. அங்கே பூச்சைச் சுரண்டினாள். உள்ளே கான்கிரீட், அதன்மேல் கரியால் யாரோ எழுதிய எண்: 47.

அவள் திரும்பியபோது, கேட்காமலே அடுத்த அலமாரியின் புத்தகங்களை இறக்கிக்கொண்டிருந்தார் சாந்தப்பன்.

“அசையாத புள்ளி இன்னும் எத்தனைம்மா இருந்துச்சு?”