வடகரை வரை

தின்றது செரிக்க ஊசிவால் வாத்து குறுங்கல் விழுங்கியாக வேண்டும். ஈயப் பட்டறைக் கழிவு வந்து சேரும் அந்த ஏரியில் அது பொறுக்கியதெல்லாம் ஈயத் துணுக்கு. கெட்டியாக, உருண்டையாக இருந்ததால் நல்ல கல் என்றே நம்பி விழுங்கியது.

பங்குனி வெயில் ஏறியதும், குளிருக்கு வந்திருந்த வாத்துக் கூட்டம் வடக்கே தன் ஊருக்குக் கிளம்பியது. வாத்தும் எம்பியது. சிறகெலும்பு சுள்ளிபோல முறிய, தண்ணீரிலேயே விழுந்தது.

"ஈயம் உன் எலும்பைத் தின்னுடுச்சுடி," என்றது உள்ளூர் நாமக்கோழி. "இங்கேயே இருந்துடு. எங்களுக்கெல்லாம் இந்த ஏரி போதலையா?"

"போதும் அக்கா. ஆனா அங்க, எங்க ஊர்ல, இந்நேரம் பனிக்கட்டி உடையுற சத்தம் கேட்கும்."

கூட்டம் புள்ளியாகி மறைந்தது. வாத்து வடக்கே நீந்தியது. கரையில் நெஞ்சு இடித்ததும் திரும்பி வந்து, மறுபடியும் வடக்கே நீந்தியது.