கருவிக்கு வைத்த பொட்டு

முகூர்த்தப் பட்டுப்புடவையை மஞ்சள் பையிலிருந்து உருவி ஸ்டுடியோ மேசைமேல் போட்டார் நாச்சம்மாள். நல்ல கிளிப்பச்சை. கல்யாண ஆல்பத்தில் அதே புடவை காய்ந்த வாழைச் சருகாக இருந்தது.

"மருமகளுக்குப் பழைய சேலையக் கட்டி உட்டுட்டேன்னு சம்பந்தி ஊட்டுல பேசறாங்க. ஏனுங்க, இது சருகாட்டவா இருக்குது?"

ஆல்பம் வடிவமைத்த சென்னியப்பனுக்கு வேர்த்துவிட்டது. கணினித் திரையின் நிறத்தைச் சரிசெய்யவென்றே ஆயுத பூஜைக்குப் புதிதாக ஒரு கருவி வாங்கியிருந்தார். திரையில் தொங்கவிட்டால் அதுவே நிறங்களை அளந்து திருத்திவிடும்.

"மிஷின் பொய் சொல்லாதுங்க" என்று எடுத்து நீட்டினார்.

நாச்சம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுல பாக்கும்?"

"அடியில கண்ணாடி இருக்குதுங்களே, அதுலதான்."

"அட சாமி, கண்ணுலயா பொட்டு வெச்சீங்க?"

பூஜையன்று வைத்த குங்குமம் கண்ணாடியில் அப்பிக் கிடந்தது. எல்லாவற்றையும் சிவப்பாகவே பார்த்த கருவி, திரையில் சிவப்பைக் குறைத்திருக்கிறது. அதை ஈடுகட்டச் சென்னியப்பன் படங்களில் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போக, அச்சில் பச்சை சருகாகியிருக்கிறது.

நாச்சம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த நீரைத் துடைத்த முந்தானையாலேயே அந்தக் கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தார். மறுபடி தொங்கவிட்டார்கள். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று திரை மாறி மாறி ஒளிர்ந்து ஓய்ந்தது. கேமராவிலிருந்து வந்தபடியே மணப்பெண்ணின் படத்தைத் திறந்தார் சென்னியப்பன். நாச்சம்மாள் புடவையை விரித்துத் திரையில் அவள் தோளருகே பிடித்தார். கையிலிருக்கும் புடவை எங்கே முடிகிறது, படத்திலிருப்பது எங்கே தொடங்குகிறது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் புடிங்க" என்று சென்னியப்பன் புடவையை விலக்கப் போனார். விரல் திரையில் முட்டியது.