கொலுப் பூங்காவில் ஒரு மலை

கண்காட்சியில் விலைபோகாமல் திரும்பிய தம் சுடுமண் சிற்பம், வீட்டுக் கொலுப் பூங்காவில் மலையாக நிற்பதைப் பார்த்து அனந்தராமன் திடுக்கிடுகிறார். எல்லாம் மனைவி சூடாமணியின் வேலை. "அதுக்கு 'மௌனம்'னு பேர் வெச்சிருக்கேன்டி!" "அங்கே ஒருத்தரும் திரும்பிப் பாக்கலைன்னு புலம்பினேளே, இங்கே வந்து பாருங்கோ." சீரியல் பல்பு மினுங்க, குளமாகப் பதித்த கண்ணாடியில் சிற்பத்தின் வளைவுகள் தலைகீழாகத் தெரிகின்றன, அடிவாரத்தில் கடுகு முளைத்துப் பச்சை கட்டியிருக்கிறது. கண்காட்சியின் வெள்ளைச் சுவரருகே வெறும் மண்ணாக இருந்தது இங்கே மூச்சு விடுவதாக அவருக்குத் தோன்றுகிறது. தாம்பூலத்துக்கு வந்த எதிர்வீட்டுப் பங்கஜம், பூங்காவில் நின்ற பல்லவன் பஸ் பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டு குனிகிறாள். "என்னமா வளைஞ்சு வளைஞ்சு போறது! ஏன் மாமா, பஸ் எந்தப் பக்கமா ஏறும்?" அந்தச் சிற்பத்தைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்கும் முதல் கேள்வி. அனந்தராமன் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கோலப்பொடியால் மலைப்பாதை போட ஆரம்பிக்கிறார்.