பிழை இருந்தால் தள்ளு

அவன் அந்த ஒரு வரியை அழித்தான்.

பிழை இருந்தால் தள்ளு. புரோகிராமில் அவனே எழுதிய வரி.

போன வருஷம் கடலிலிருந்து வந்த சேதியில் ஒரே ஒரு பிட், ஒன்றுக்குப் பதில் பூஜ்யம், மாறி வந்ததில், கரையில் கிடந்த வள்ளம் நடுக்கடலில் தத்தளிப்பதாகத் திரை காட்டியது. பத்து வள்ளங்கள் வீணாக ஓடிப்போய்த் திரும்பின. ஊரே சிரித்தது. அன்றைக்கு ரோஷத்தோடு எழுதினான். ஒரு பிட் தவறிய சேதிப் பாக்கெட்கூட இனித் திரைக்கு வரக் கூடாது.

வரவில்லை. ஐந்து நாளாக ஒன்றுமே வரவில்லை.

அண்ணன் கிளிட்டஸ் வியாழக்கிழமை விடியலில் தனியாக வள்ளம் இறக்கினான். அதில் இவன் செய்துகொடுத்த பெட்டி இருந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால், இருக்கும் இடமும் நேரமும் ஒரு பாக்கெட்டாகக் கரைக்கு வரும். தானாக எதுவும் வராது. விரல் அமுக்க வேண்டும்.

இன்று செவ்வாய். மத்தியான வெயிலில் கூரைத் தகடு கொதித்தது.

ஆண்டெனா பிடித்த அலை முழுவதும் லேப்டாப்பில் பதிவாகியிருந்தது. வியாழனிலிருந்து அதை மறுபடி ஓட்டினான்.

ஒரு பாக்கெட். மூன்று பிட் பிழை.

இன்னொன்று. ஐந்து.

ஐயோ.

பெட்டி வெயிலில் சூடேறி, அதன் அலைவரிசை ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது. இவனுடைய ரேடியோ பழைய இடத்திலேயே காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. சாஃப்ட்வேரில் ஓர் எண்ணை மாற்றினான். அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பாவிக்கு.

பிழை பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

வரி வரியாக அண்ணன் திரையில் இறங்கினான்.

கடைசி வரியில் இருந்த இடத்தைக் கடலோரக் காவல் படைக்குப் போனில் சொன்னான். இது என்றைக்கு உள்ளது என்று கேட்டார்கள். சொன்னான். குறித்துக்கொண்டு போனை வைத்தார்கள்.

திரும்பினால் வாசலில் மைனி, அண்ணனின் மனைவி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஒருக்கா கூட அமுக்கலியா தம்பி உங்க அண்ணன்? எங்க நெனப்பே வரலியா அந்த மனுசனுக்கு?"

இல்லை மைனி என்று சொல்லிவிடலாம். ஐந்து நாளாகச் சொன்னதுதான்.

அவன் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான்.

அவள் மேலிருந்து விரல் வைத்து வாசித்தாள். வியாழன். வெள்ளி. சனி. உதடு அசைந்தது. கூப்பிட்டிருக்கிறார், கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு கணம் அந்த முகத்தில் சந்தோஷம்கூட வந்துபோனது.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணியில் விரல் நின்றது.

தேடப் போன வள்ளங்களை, சிக்னல் இல்லை, திரும்பிவிடுங்கள் என்று அவன் கூப்பிட்ட நேரம் அது. பக்கத்தில் நின்று அவளும் கேட்டிருந்தாள்.

அதற்குக் கீழே இன்னும் பத்தொன்பது வரிகள் இருந்தன.