பிறந்த வீட்டுக் கோடி

பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தாமல் அம்மாவின் உடலைத் தூக்க முடியாது. பெரியபாளையம் மாமா இன்னும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

“பொழுது சாயுது ஈஸ்வரி. இன்னும் எவ்ளோ நேரம்?” என்று சித்தப்பா முனிகிருஷ்ணன் அதட்டினார்.

“புதுவாயல்ல பஸ் எறங்கிருப்பாரு சித்தப்பா. அம்மா பண்ணது காதல் கல்யாணம்னு நம்ம வாசப்படி மிதிக்கலைன்னாலும், வருசா வருசம் பொங்கலுக்குப் புடவை குடுத்தனுப்பிக்கினுதானே இருக்காரு? ‘எங்கண்ணன் சீரு’ன்னு அம்மா தெருவெல்லாம் காட்டுமே!”

“சாவுக்கு வராதவன் இன்னா அண்ணன்?”

ஈஸ்வரிக்குச் சுருக்கென்றது. “நானே போய் இட்டாந்துடறேன்” என்று எழுந்தாள்.

அப்பா குப்புராஜ் குறுக்கே வந்து நின்றார். கையில் மடிப்புக் கலையாத புதுப்புடவை.

“போவாத கண்ணு. அவன் ஒருவாட்டிகூட அனுப்பினதில்ல. எல்லாம் நான் மீஞ்சூர்ல எடுத்ததுதான். இது வர்ற பொங்கலுக்கு வாங்கி வச்சது.”