முதல் கேபிள் படுத்த பள்ளம்

பழைய ஸ்கூட்டருக்கு எரிச்சல் தாங்கவில்லை. மாட்டி ரெண்டு மாசம்கூட ஆகாத கிளட்ச் கேபிள், இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கெல்லாம் என்னடா கேடு? தீபாவளிக்கு ஒருத்தன் அறுந்தான், பொங்கலுக்கு ஒருத்தன். இப்போ நீ! ஷோரூம்லேர்ந்து என்கூட வந்தானே, அவன் கேபிள்! புருஷன், பெண்டாட்டி, புள்ளை, கேஸ் சிலிண்டர், அத்தனையும் ஏத்திக்கிட்டு மேம்பாலம் ஏறுவோம். ஒரு நாள் முனகினதில்லை. பிடியைத் தொட்டா வெண்ணெய் மாதிரி வழுக்குவான்."

சொல்லும்போதே அதன் ஹெட்லைட் கலங்கியது.

"அண்ணே, அவர் உங்க கிளட்ச் பிடியில வருஷக்கணக்கா உராய்ஞ்சு ஒரு பள்ளம் போட்டிருக்கார். அதோட விளிம்பு பிளேடு மாதிரி நிக்குது. வர்றவனையெல்லாம் அதுதான் அறுக்குது," என்றது கேபிள். "மெக்கானிக் வந்தா ஹேண்டில்பாரைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க. அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும், நான் பிழைச்சுக்குவேன்."

அந்தப் பள்ளம் அங்கே இருப்பதே ஸ்கூட்டருக்கு இப்போதுதான் தெரியும்.

மெக்கானிக் வந்து குனிந்தார். ஸ்கூட்டர் மெல்ல ஹேண்டில்பாரைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

சாயங்காலம் புதுக் கேபிள் ஒன்று வந்து அந்தப் பள்ளத்தில் படுத்தது.

"வா தம்பி," என்றது ஸ்கூட்டர். "முன்னாடி இங்கே ஒருத்தன் இருந்தான்..."